இன்னும் வாசிக்கிறீரோ?

கலியாண வீடு, அந்தியேட்டி, கோயில் திருவிழா என்று எங்கே போனாலும் ஊர்ப் பெரியாக்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் ஒரே வரிசையில்தான் வரும். "தம்பி இப்ப எங்க வேலை?" "சம்பளம் எப்பிடி, காணுமோ?" "கலியாணம் ஏதும் பாக்கினமோ?" இதெல்லாம் முடிந்து, போகிற போக்கில் கடைசியாக ஒன்று: "அது சரி, இன்னும் மிருதங்கம் வாசிக்கிறனீரோ?"

அந்த 'இன்னும்'தான் எனக்குப் பிரச்சினை. "இன்னும் பழைய சைக்கிளிலதான் திரியிறீரோ?" என்று கேட்கும்போது வருகிற அதே 'இன்னும்'. எட்டு வயதில் வாசித்தபோது நான் கெட்டிக்காரப் பிள்ளை. பதினெட்டு வயதில் வாசித்தபோது "படிப்பைக் கெடுக்காமல் பாத்துக்கொள்ளும்" என்றார்கள். இப்போது இருபத்தொன்பது வயது, கொழும்பில் கணக்காய்வு வேலை. இப்போதும் வாசித்தால் அது 'இன்னும்'. வளர்ந்த பிறகும் விடமுடியாமல் இருக்கிற ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

கேட்கிறவர்களில் எனக்குக் கோபம் இல்லை. கலையைத் தொழிலாகச் செய்கிறவரை எங்களுக்குத் தெரியும். பரீட்சைக்காகப் படிக்கிற பிள்ளையையும் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில், பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு சாகும் வரைக்கும் வாசிக்கிற ஒரு மனிசனுக்கு எங்களிடம் ஒரு பெயர் இல்லை. பெயர் இல்லாததால் மரியாதையும் இல்லை. அதைவிட முக்கியமாக, அப்படிப்பட்டவனுக்கு என்ன பொறுப்பு இருக்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அது தெரியாமல் ஒரு பிழையும் விட்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

*

முதலில், நாங்கள் ஏன் விடுகிறோம்?

எங்கள் பாடசாலைகளில் ஆறாம் ஆண்டிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் ஒரு அழகியல் பாடம் எடுக்கிறார்கள். சங்கீதம், சித்திரம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்று ஏதோ ஒன்று. விரும்பினால் ஓ/எல் வரைக்கும் அதைக் கொண்டுபோகலாம். அதற்கு வெளியில் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை. தரம் ஒன்று, தரம் இரண்டு என்று படி ஏறி ஆசிரியர் தரம் வரைக்கும் போகலாம். யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் பின்னேரம் நாலு மணிக்கு ஒரு வீட்டில் சுருதிப்பெட்டிச் சத்தமாவது, வாய்ப்பாட்டாவது கேட்கும். போர்க்காலத்திலும் அந்தப் பரீட்சைகளுக்கு ஆயத்தமான பிள்ளைகள் இருந்தார்கள். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அந்தப் படிகள் இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு மிருதங்கமே தெரிந்திருக்காது.

ஆனால் ஏணி வைத்தால், ஏறி முடிந்ததும் இறங்கவேண்டியதுதான். எங்கள் வீடுகளில் இசை ஒரு ஏணியாகத்தான் இருந்தது. "இந்த வருசம் எத்தினையாம் தரம்?" என்றுதான் கேட்பார்கள். என்ன வாசிக்கிறாய், எதைக் கேட்கிறாய், எது பிடிக்கும் என்று ஒருவரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. சேர்ட்டிபிக்கட் கிடைக்கும், அது ஃபைலில் போகும், ஃபைல் அலுமாரிக்குள் போகும். அதோடு ஏ/எல் ரியூசன் தொடங்கும். மிருதங்கம் உறைக்குள் போய்விடும்.

என்னுடைய மிருதங்கமும் போனது. ஏ/எல், பிறகு பல்கலைக்கழகம், பிறகு கணக்கியல் சோதினைகள். கொழும்புக்கு வேலைக்கு வரும்போது அம்மா கட்டாயப்படுத்தி அதையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டா. வெள்ளவத்தையில் நான் இருந்த அனெக்ஸில் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தேன். நாலு வருசம் உறை கழற்றவில்லை.

திரும்ப எடுத்தது 2022இல். பெரிய ஞானம் பிறந்து எடுக்கவில்லை, கரண்ட் இல்லாததால் எடுத்தேன். அந்த வருசம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு இருந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். லப்டொப் செத்து, ஃபோனும் சாகப்போகிற ஒரு இரவில், வேர்வையோடு இருட்டுக்குள் குந்தியிருந்தபோது கால் அந்த உறையில் பட்டது.

வெளியே எடுத்துத் தட்டினால் வலந்தலை எந்தச் சுருதியிலும் இல்லை. தொப்பி காய்ந்து போயிருந்தது. ரவை குழைத்து ஒட்டினால்தான் அதிலிருந்து ஒழுங்கான 'தொம்' வரும். வீட்டில் ரவை இருந்தது, புட்டுக்கு வாங்கியது. குழைத்து ஒட்டி, எட்டு வயதில் சேர் சொல்லித்தந்த முதல் பாடத்தை, தா, தீ, தொம், நம் என்று முதலாம் காலத்தில் தொடங்கினேன். மூன்றாம் காலத்துக்குப் போகமுன்னம் கை நின்றுவிட்டது. சொற்கட்டு வாய்க்குள் இருந்தது. விரலுக்குள் இல்லை. நாலு நிமிசத்தில் மோதிரவிரல் வீங்கியது.

அன்றைக்கு அம்மாவுக்கு ஃபோன் எடுத்து "கரண்ட் இல்லையணை, மிருதங்கம் எடுத்து வாசிச்சனான்" என்றேன். அம்மா சிரித்துவிட்டு, மாமாவைப் பற்றிச் சொன்னா. தொண்ணூறுகளின் முதல் பாதி, யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். மாமா பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர். இரவில் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் வயலின் வாசிப்பாராம். புதிதாக ஒரு கீர்த்தனையைக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ஓடும் கசெற்றில் கேட்பாராம். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டும் களைத்துவிடும். "அவர் எந்தச் சோதினைக்கும் போகேல்ல. எந்த மேடையிலயும் ஏறேல்ல. சாகும் மட்டும் வாசிச்சவர்" என்றா அம்மா.

எனக்கு அதுவரைக்கும் மாமா வயலின் வாசிப்பார் என்பதே தெரியாது. குடும்பத்தில் யாரும் அதைச் சொல்லவேண்டிய விசயமாக நினைக்கவில்லை.

*

இப்போது நாங்கள் நாலு பேர். பாடுகிறவ ஒரு பார்மசியில் வேலை. வயலின் வாசிக்கிறவர் கணித ஆசிரியர். கடம் வாசிக்கிறவன் வங்கியில். ஞாயிறு பின்னேரம் நாலு மணியிலிருந்து ஆறரை வரைக்கும் கணித ஆசிரியரின் வீட்டு முன்ஹோலில் சேர்கிறோம். பாடுகிறவவின் சுருதி ஐந்து கட்டை, என்னுடைய பழைய மிருதங்கம் அதற்கு ஏறாது. அதனால் முதல் வருசத்து போனஸில் ஒரு சின்ன வாய் மிருதங்கம் வாங்கினேன். பைக் வாங்குவேன் என்று எதிர்பார்த்திருந்த அப்பா இரண்டு கிழமை கதைக்கவில்லை.

மற்ற நாட்களில் அனெக்ஸில் வாசிக்கலாம், ஆனால் இரவு எட்டரைக்குப் பிறகு ஏலாது. கீழ்வீட்டு அன்ரி நல்லவ, ஆனால் அவவுக்கும் நித்திரை வேணும். அதனால் பாதிப் பயிற்சி வாயால்தான் நடக்கிறது. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு ஆதி தாளம் போட்டால் ஒருவருக்கும் தெரியாது. தொடையில் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. கொள்ளுப்பிட்டி வரமுன்னம் ஒரு கோர்வையை எத்தனை தரம் சரியாகச் சமத்தில் கொண்டுவந்து இறக்கலாம் என்று பார்ப்பேன். பெரும்பாலும் பம்பலப்பிட்டியில் ஒருக்கால் பிழைக்கும்.

இதைச் சொன்னால் ஒஃபிசில் உடனே ஒரு பதில் வரும்: "நல்லது மச்சான், ஸ்ட்ரெஸ்ஸுக்கு நல்லம்." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது உண்மை இல்லை. மிருதங்கம் எனக்கு ஸ்ட்ரெஸ்ஸைக் குறைப்பதில்லை, பல நாட்களில் கூட்டுகிறது. திங்கட்கிழமைக்கு ஒரு ரிப்போர்ட் முடிக்கவேண்டியிருக்கும், அதேநேரம் ஞாயிறு பின்னேரத்துக்கு மிஸ்ர சாபுவில் ஒரு தனி தயார் செய்யவேண்டியிருக்கும். இரண்டும் சரிவராமல் சனிக்கிழமை முழுக்க எரிச்சலில் போகும். இளைப்பாறுவதென்றால் கிரிக்கட் பார்க்கலாம், அதற்குப் புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை.

நான் வாசிப்பது வேறொரு காரணத்துக்காக. என்னுடைய வேலையில் நான் செய்வது சரியா பிழையா என்று தெரிய மாதக்கணக்காகும். சிலவேளை ஒருநாளும் தெரியவராது. மிருதங்கத்தில் அரை அட்சரம் பிந்தினால் அந்தக் கணமே தெரியும், மற்ற மூன்று பேருக்கும் தெரியும். பாடுகிறவ திரும்பிப் பார்க்காமலே புருவத்தை உயர்த்துவா. ஒளிக்க இடமில்லை. அந்த நேர்மை எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. இன்னொன்று, நாற்பது வயதில் என்னைவிட நன்றாக வாசிக்கிற ஒரு 'நான்' இருப்பான் என்ற எண்ணம். உத்தியோகத்தில் பதவி உயரும், சம்பளம் உயரும், ஆனால் கை திருந்துவது இங்கேதான்.

*

வேலையோடு கலையையும் வைத்திருந்தவர்களைப் பற்றிக் கதைத்தால் உடனே பெரிய பெயர்களைத்தான் எடுப்போம். ரஷ்யாவின் அலெக்சாண்டர் பொரோடின் வேதியியல் பேராசிரியர், ஓய்வு கிடைக்கிறபோதுதான் இசை எழுதினார். அமெரிக்காவின் சார்ள்ஸ் ஐவ்ஸ் காப்புறுதித் தொழிலில் இருந்தவர். இளவயதில் எழுதிய அவருடைய மூன்றாம் சிம்பனிக்கு 1947இல் புலிட்சர் பரிசு கிடைத்தது, அப்போது அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஆந்திராவின் ஸ்ரீபாத பினாகபாணி மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். அதேவேளை நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்றவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த குரு. 1913இல் பிறந்து 2013 வரைக்கும் இருந்தவர். எங்கள் மண்ணில், காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். விஞ்ஞானம் படித்தவர், பாடசாலைகளை நடத்தியவர், தமிழ்ப் பேராசிரியர். அத்தனைக்கும் நடுவில் பழந்தமிழ் இசையை வருசக்கணக்காக ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். அந்த வருசமே காலமானார்.

கேட்க உற்சாகமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பெயர்களை நான் இப்போது அதிகம் எடுப்பதில்லை. ஏனென்றால் இதற்குள் ஒரு பொறி இருக்கிறது. மேதையாக வந்தால் மன்னிக்கிறோம், இல்லாவிட்டால் 'இன்னும்' என்று கேட்கிறோம். என்னுடைய மாமா மேதை இல்லை. நானும் இல்லை. பொரோடின்கூடத் தன் பெரிய ஓபராவை முடிக்காமலே இறந்தவர். பிறகு நண்பர்கள்தான் முடித்தார்கள். வேலையோடு வாசிக்கிறவனுடைய கதையில் முடியாமல் கிடக்கிற வேலைகள்தான் கனக்க. அதையும் சேர்த்துத்தான் மரியாதை செய்யவேண்டும்.

எனக்கு இவர்களைவிட மட்டக்களப்புக் கூத்துக்காரர்கள்தான் சரியான உதாரணமாகப் படுகிறார்கள். பகலில் வயல், கடல், கூலிவேலை. இரவில் களரி. அண்ணாவியார் சட்டம் கொடுத்து, மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, கடைசியில் விடிய விடிய அரங்கேற்றம். மத்தளமும் சல்லரியும் கேட்டால் ஊரே வந்து குந்தும். அங்கே அருச்சுனனாக ஆடுகிறவர் அடுத்த நாள் காலையில் வயலுக்குப் போவார். அவரை யாரும் பகுதிநேரக் கலைஞர் என்று சொல்வதில்லை. அவர் வேளாண்மை செய்கிறவர், அவர்தான் அருச்சுனன். இரண்டும் ஒரே ஆள். அந்த வழக்கம் எங்களிடம் இருந்தது, பல ஊர்களில் இன்றைக்கும் இருக்கிறது. சேர்ட்டிபிக்கட்டை ஃபைலில் வைக்கப் பழகிய நாங்கள்தான் அதை மறந்தோம்.

*

இனி அந்தப் பிழை.

நாங்கள் நாலு பேரும் சேர்ந்து ஒன்றரை வருசம் ஆனபோது ஊரில் எங்கள் கோயிலிலிருந்து ஃபோன் வந்தது. "தம்பி, இந்த முறை திருவிழாவில ஒருநாள் உங்கட கச்சேரி வைப்பம். நீங்கள் எல்லாம் உத்தியோகம் பாக்கிற பிள்ளையள். காசுக்கு வாசிக்கிற ஆக்கள் இல்லைத்தானே. பஸ் காசு தாறம், ரெண்டு நேரச் சாப்பாடு." எங்களுக்குத் தலைகால் தெரியவில்லை. லீவு போட்டோம், இரவு பஸ்ஸில் போனோம், வாசித்தோம். பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கில் "கொழும்பில் உயர்பதவி வகித்துக்கொண்டே" என்று என் பதவியை இரண்டு படி உயர்த்திச் சொன்னார்கள்.

கச்சேரி முடிய ஒரு ஐயா வந்தார். மிருதங்க வித்துவான், அந்தப் பகுதியில் எல்லாருக்கும் தெரிந்தவர். வகுப்புகளும் கச்சேரிகளும்தான் அவருக்குச் சாப்பாடு. "தனி நல்லா இருந்தது. மூண்டாங் காலத்தில கொஞ்சம் ஓடுறீர், அதைப் பாரும்" என்றுவிட்டுப் போனார்.

அடுத்த நாள் அம்மாதான் சொன்னா. "ஒவ்வொரு வருசமும் அந்த நாள் அவற்ற நாள். இந்த முறை கூப்பிடேல்லையாம்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. பின்னேரம் அவருடைய வீட்டுக்குப் போனேன். திண்ணையில் ஒரு பிள்ளைக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. முடியும் வரைக்கும் இருந்து, "ஐயா, எனக்குத் தெரியாமல் போச்சு. இனிமேல் அங்க நான் வாசிக்க வரேல்ல" என்றேன். அவர் சிரித்தார். சொன்னது இது:

"நீர் வராட்டி என்னைக் கூப்பிடுவினமோ? கூப்பிடமாட்டினம். சும்மா வாசிக்கிற வேற ஒரு பெடியனைப் பிடிப்பினம். நீர் வாசியும். ஆனால் காசு கேளும். நீர் கேட்டால்தான் எனக்கும் வரும்."

அதுவரைக்கும் நான் அதை யோசித்ததே இல்லை. காசு வாங்காமல் வாசிப்பது ஒரு பெருமை என்றுதான் எனக்குள் இருந்தது. அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். "காசுக்கு வாசிக்கிற ஆக்கள்" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது? யாழ்ப்பாணத்தில் தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரமும் தவிலும் வாசித்த குடும்பங்கள் இருக்கின்றன. தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் பெயரைச் சொல்லி நாங்கள் எல்லாரும் பெருமைப்படுகிறோம். ஆனால் அந்தக் கலைஞர்களை வீட்டுக்குள் எங்கே இருத்தினார்கள், எந்தப் பாத்திரத்தில் தேத்தண்ணி கொடுத்தார்கள் என்று வயதானவர்களைக் கேட்டால் தலை குனிவார்கள். பறை வாசிக்கிறவர்களின் கதை அதைவிட மோசம். 'நாங்கள் காசுக்கு வாசிக்கிற ஆக்கள் இல்லை' என்றால் அதற்குள் சாதி இருக்கிறது. நான் அதைச் சாதி என்று நினைத்துச் சொல்லவில்லை, கலை மீதான அன்பு என்று நினைத்துச் சொன்னேன். அப்படித்தான் அது எங்களுக்குள் ஒளிந்திருக்கிறது.

நான் தட்டுகிற தோலுக்குப் பின்னாலும் ஆக்கள் இருக்கிறார்கள். மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அன்ட் சன்ஸ்' என்று 2020இல் ஒரு புத்தகம் எழுதினார். பசு, ஆடு, எருமைத் தோல்களோடு வேலை செய்து, வித்துவானின் காதுக்கு ஏற்ற நாதத்தைக் கொண்டுவருகிறவர்கள் மேடையில் எங்கேயும் இல்லை என்பதை வாசித்தபோது, நான் 'ஆசைக்கு' வாசிப்பதற்குள் எத்தனை பேருடைய தொழில் இருக்கிறது என்று விளங்கியது. என்னுடைய ஆசை இன்னொருவரின் அடுப்பு.

"கோயில் தொண்டுக்குக் காசு கேக்கிறதோ?" என்று சிலர் கேட்பார்கள். சரி. ஆனால் அன்றைக்கு அந்தக் கோயிலில் பந்தல் போட்டவருக்குக் காசு கொடுத்தார்கள். சவுண்ட் சேர்விஸுக்குக் கொடுத்தார்கள். ஜெனரேற்றர்காரருக்குக் கொடுத்தார்கள். மாலை கட்டியவருக்கும் கொடுத்தார்கள். அவர்களிடம் ஒருவரும் தொண்டு பற்றிக் கதைக்கவில்லை. இசைக்கு மட்டும் தொண்டு என்றால், இசை வேலை இல்லை என்றுதானே கருத்து?

அதற்குப் பிறகு நாங்கள் நாலு பேரும் ஒரு முடிவுக்கு வந்தோம். யாராவது கூப்பிட்டால், அந்த நாளில் வழக்கமாக யார் வாசிக்கிறவர் என்று முதலில் கேட்போம். அவருடைய இடம் என்றால் போவதில்லை. போவதென்றால் தொழிலாகச் செய்கிறவர்கள் கேட்கிற அதே தொகையைக் கேட்போம். குறைத்தும் கேட்பதில்லை. வருகிற காசு தோல் மாற்றுவதற்கும், மாதம் இரண்டு தரம் எங்களுக்குப் பாடம் சொல்லித்தருகிற ஆசிரியருக்கும் போகிறது. இதனால் ஒரு திருவிழாக் குழு எங்களைக் கைவிட்டது. "பெரிய வித்துவான்மார் எண்டு நினைப்பு" என்று கதை வந்தது. பரவாயில்லை. காசு இல்லாமல் வாசிக்க ஆசை வந்தால் அதற்கும் இடம் இருக்கிறது. முதியோர் இல்லத்தில், நண்பர் வீட்டு மொட்டைமாடியில், யாருக்கும் காசு போகாத எந்த இடத்திலும் வாசிக்கலாம். அங்கே நாங்கள் யாருடைய கோப்பையிலும் கைவைக்கவில்லை.

*

இதுவரைக்கும் எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "உனக்கு ஞாயிற்றுக்கிழமை எண்டு ஒண்டு இருக்கு" என்றா.

அக்கா வீணையில் ஆசிரியர் தரம் பாஸ் பண்ணினவ. என்னைவிட நூறு மடங்கு தாளம் உள்ளவ. கலியாணத்தின்போது வீணையும் கூடப் போனது. இப்போது அது புடவைத்துணி சுற்றி அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. அவவும் வேலைக்குப் போகிறவதான். ஆனால் நாலு மணிக்கு வேலை முடிந்தால் அவவுக்கு அடுத்த வேலை நாலரைக்குத் தொடங்கும். பிள்ளையின் வீட்டுப்பாடம், சமையல், மாமியின் மருந்து. "ஏன் வாசிக்கிறேல்லை?" என்று ஒருதரம் கேட்டேன். "ஆருக்கு வாசிக்கிறது?" என்று கேட்டா.

எங்கள் ஊரில் சங்கீதமும் வீணையும் படிக்கிற பிள்ளைகளைப் பாருங்கள். வகுப்பு நிறையப் பெண்பிள்ளைகள். முப்பத்தைந்து வயதில் யார் இன்னும் வாசிக்கிறார்கள் என்று பாருங்கள். 'நேரம் இல்லை' என்பது எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. எனக்குக் கிடைக்கிற அந்த இரண்டரை மணித்தியாலம் எங்கிருந்து வருகிறது? நான் தனியாள், சாப்பாடு கடையில். நாளைக்குக் கலியாணம் முடித்தபிறகும் நான் ஞாயிறு நாலு மணிக்கு மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு போனால், அந்த நேரத்தில் வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பதையும் நான்தான் கேட்கவேண்டும். அதைக் கேட்காமல் 'வாழ்நாள் முழுக்க வாசிப்பேன்' என்று சொல்வது வெறும் வீரப்பேச்சு.

போன மாதம் அத்தானோடு கதைத்தேன். சனிக்கிழமை காலை இரண்டு மணித்தியாலம் பிள்ளையையும் அடுப்பையும் அவர் பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் சனிக்கிழமை அக்கா வீணையை இறக்கித் துடைத்து, தந்தி மாற்றியதோடு நேரம் முடிந்துவிட்டதாம். இரண்டாம் கிழமை சரளி வரிசை. மூன்றாம் கிழமை மகள் பக்கத்தில் வந்து குந்தி, "அம்மா, உங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாளாம். ஏழு வயதுப் பிள்ளை, அதே வீட்டில் வளர்ந்த பிள்ளை. எனக்கு மாமாவின் வயலின் ஞாபகம் வந்தது.

*

உங்களில் கனபேர் இப்போது ஏ/எல் முடித்து, அல்லது முதல் வேலையில் சேர்ந்து, ஏதோ ஒரு வாத்தியத்தை உறைக்குள் வைத்திருப்பீர்கள். கிற்றாராக இருக்கலாம், கீபோர்ட்டாக இருக்கலாம், தபேலாவாக இருக்கலாம். 'வேலை நிரந்தரமாகட்டும், பிறகு பாப்பம்' என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். நாலு வருசத்தில் விரல் மறந்துவிடும், வாய் மட்டும் ஞாபகம் வைத்திருக்கும்.

பெரிதாக ஒன்றும் செய்யத் தேவையில்லை. தினமும் இரண்டு மணித்தியாலம் வாசிப்பேன் என்று சபதம் எடுக்கவேண்டாம், இரண்டாம் கிழமையே உடையும். இன்னொரு ஆளைத் தேடுங்கள். உங்களைவிடக் கொஞ்சம் நன்றாக வாசிக்கிற ஆளாக இருந்தால் நல்லது. கிழமையில் ஒரு நாள், ஒரு நேரம், ஒரு வீடு. தனியாக வாசிப்பதைத் தள்ளிப்போடலாம். மூன்று பேர் உங்களுக்காகக் காத்திருக்கும்போது தள்ளிப்போட ஏலாது. முடிந்தால் ஒரு ஆசிரியரிடம் திரும்பப் போங்கள், பரீட்சைக்கு இல்லை, பிழை திருத்த. அவருக்குரிய காசை ஒழுங்காகக் கொடுங்கள். மேடைக்குக் கூப்பிட்டால், அங்கே உங்களுக்கு முன்னம் யார் இருந்தவர் என்று கேளுங்கள்.

வேலையோடு வாசிக்கிறவனுக்குத் தமிழில் ஒரு நல்ல பெயர் கிடைக்கும் வரைக்கும் பொறுத்திருக்கத் தேவையில்லை. கூத்துக்காரருக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. மாமாவுக்கும் தேவைப்படவில்லை.

அடுத்த மாதம் ஊரில் ஒரு கலியாண வீடு இருக்கிறது. அங்கேயும் யாராவது கேட்பார்கள், "தம்பி, இன்னும் வாசிக்கிறனீரோ?" என்று. பதில் தயார்: "ஓம் ஐயா. மூண்டாங் காலத்தில இன்னும் கொஞ்சம் ஓடுது."